தாபோல் முதல் முந்த்ரா வரை: மின்சாரக் கொள்கையை எழுதுவது யார்?

(மும்பையில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மின்கட்டணம் உயரும்போதெல்லாம் மக்களுக்கு ஒரே விளக்கம் தரப்படுகிறது. மின்துறையில் அரசின் கட்டுப்பாடு மிகுந்திருக்கிறது. கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் தனியார் வருவார்கள். தனியார் வந்தால் போட்டி வரும். போட்டி வந்தால் விலை குறையும் என்பதே அந்த விளக்கம். 1991 முதல் இன்றுவரை ஆட்சிகள் மாறியும் இந்த விளக்கம் மாறவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு வாதத்தை, அந்த ஆண்டுகளில் நடந்தவற்றைக் கொண்டே சோதிக்கலாம். அதற்கு இரண்டு ஊர்கள் போதும். ஒன்று, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள தாபோல். மற்றொன்று, குஜராத்தின் கட்ச் கடற்கரையில் உள்ள முந்த்ரா. முதலாவது, கட்டுப்பாட்டுத் தளர்வின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. இரண்டாவது, அது முற்றி வளர்ந்த காலத்தைச் சேர்ந்தது.

1948 சட்டமும் 1991 திருத்தமும்

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறன் 1362 மெகாவாட் மட்டுமே. மின்சாரம் பெரும்பாலும் நகரங்களில், கட்டணம் செலுத்தும் வசதி படைத்தோருக்குக் கிடைத்த பண்டமாக இருந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகப் பணியாற்றிய டாக்டர் அம்பேத்கர், தொழில்மயத்துக்கு மலிவான மின்சாரம் இன்றியமையாதது என்றும், அதை வழங்கும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1948 இல் இயற்றப்பட்ட மின்சார வழங்கல் சட்டம் இந்தத் திசையிலேயே அமைந்தது. அதன்படி உருவான மாநில மின்வாரியங்களும், பின்னர் வந்த தேசிய அனல்மின் கழகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் 1991 வாக்கில் நிறுவுதிறனை ஏறத்தாழ 66,000 மெகாவாட்டாக உயர்த்தின. லாபம் தராத கிராமங்களுக்கும் மின்கம்பம் சென்றது இக்காலத்தில்தான்.

1991 இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. தனியார் மின்உற்பத்தி வரவேற்கப்பட்டது. அந்நிய நிறுவனங்கள் முழு உரிமையுடன் ஆலை அமைக்கலாம் என்றானது. அத்துடன், போட்ட பங்கு முதலீட்டுக்கு ஆண்டுக்கு 16 விழுக்காடு வருவாய் கிடைக்கும் என்று விதி செய்யப்பட்டது. ஆலை தன் திறனில் 68.5 விழுக்காடு அளவுக்கு இயங்கினாலே இந்த வருவாய் முழுமையாகக் கிடைக்கும். அதற்கு மேல் இயங்கினால் ஊக்கத்தொகை தனி. இதே சட்டத்தின்கீழ் மாநில மின்வாரியங்களுக்கு வைக்கப்பட்ட இலக்கோ, நிலைச் சொத்து மதிப்பில் குறைந்தது 3 விழுக்காடு உபரி என்பதுதான். இரண்டையும் கணக்கிடும் அடிப்படை வேறானாலும் நோக்கம் தெளிவானது. தொழிலில் ஆபத்தை ஏற்பதால்தான் முதலாளிக்கு லாபம் என்று பாடநூல்கள் கூறும். இங்கே ஆபத்து தொடங்கும் முன்பே லாபம் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

ஐந்து நாளில் ஓர் உடன்பாடு

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட என்ரான் நிறுவனத்தின் குழு 1992 ஜூன் 15 அன்று இந்தியா வந்தது. ஜூன் 20 அன்று மகாராஷ்டிர மின்வாரியத்துடன் புரிந்துணர்வு உடன்பாடு கையெழுத்தானது. சுதந்திர இந்தியா அதுவரை கண்டிராத அளவிலான ஓர் அந்நிய முதலீட்டுத் திட்டம் ஐந்தே நாளில் முடிவானது. ஒப்பந்தப்புள்ளி கோரப்படவில்லை. வேறொரு நிறுவனத்தின் விலை கேட்கப்படவில்லை. சந்தைப் போட்டியின் பெயரால் வந்த கொள்கையின் முதல் பெருந்திட்டம் போட்டியே இல்லாமல் தொடங்கியது.

1993 ஏப்ரலில் உலக வங்கி இத்திட்டத்துக்குக் கடன் தர மறுத்தது. மகாராஷ்டிரத்தின் தேவைக்கு இது பொருந்தாது, பொருளாதார ரீதியில் ஏற்புடையதல்ல என்பது அதன் கருத்து. தனியார்மயத்தை உலகெங்கும் பரிந்துரைக்கும் வங்கியே தயங்கிய திட்டம் இது. ஆயினும் திட்டம் நிற்கவில்லை. செலவை நுணுகி ஆராய வேண்டிய மத்திய மின்சார ஆணையம் அந்த ஆய்வைச் செய்யாமலேயே ஒப்புதல் தந்தது. 1993 டிசம்பர் 8 அன்று மின்கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்த வேகம் எப்படி வந்தது? 1995 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்றின் முன் சாட்சியமளித்த என்ரான் அதிகாரி லிண்டா பவர்ஸ், இத்திட்டத்தை உருவாக்கும் பணியிலும் இந்தியர்களுக்குக் “கல்வி” அளிப்பதிலும் தமது நிறுவனம் 2 கோடி டாலர் செலவிட்டதாகக் கூறினார். யாருக்கு, எந்தப் பாடம் கற்பிக்கப்பட்டது என்ற கேள்வி அப்போது நாடெங்கும் எழுந்தது. இன்றுவரை அதற்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. அக்காலத்தில் இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஃபிராங்க் விஸ்னர், பதவிக்காலம் முடிந்தபின் 1997 அக்டோபரில் என்ரானின் துணை நிறுவனம் ஒன்றின் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார். அரசுப் பதவிக்கும் நிறுவனப் பதவிக்கும் இடையே சுவர் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதுவே சான்று.

ஒப்பந்தத்தின் உள்ளே

ஒப்பந்தத்தின் பிரிவுகளை அறியாமல் தாபோலைப் புரிந்துகொள்ள இயலாது. ஒப்பந்தக் காலம் 20 ஆண்டு. மின்வாரியம் மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஆலை 90 விழுக்காடு தயார் நிலையில் இருந்தால் நிலைக்கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டும். கட்டணத்தின் பெரும்பகுதி டாலருடன் பிணைக்கப்பட்டது. ரூபாயின் மதிப்பு சரிந்தால் சுமை வாரியத்துக்கு. எரிபொருள் விலை ஏறினாலும் சுமை வாரியத்துக்கு. மின்தேவை கணித்ததைவிடக் குறைந்தாலும் சுமை வாரியத்துக்கு. வாரியத்தால் பணம் கொடுக்க முடியாவிட்டால் மாநில அரசு உத்தரவாதம். மாநில அரசாலும் முடியாவிட்டால் மத்திய அரசின் எதிர் உத்தரவாதம்.

ஒரு தொழிலில் நேரக்கூடிய ஆபத்துகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு, பெயர் குறித்து, மக்களின் கணக்கில் எழுதப்பட்டன. இதைக் “கட்டுப்பாட்டு நீக்கம்” என்று அழைப்பது பொருத்தமா? அரசு இங்கே விலகி நிற்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் போல் முன்வந்து நின்றது. காப்பீட்டுத் தொகையை மட்டும் மின் நுகர்வோர் செலுத்தினார்கள்.

கட்சிகள் மாறின

1995 சட்டமன்றத் தேர்தலில் என்ரானைக் கடலில் எறிவோம் என்று முழங்கிய சிவசேனை – பாஜக கூட்டணி மகாராஷ்டிரத்தில் ஆட்சிக்கு வந்தது. கோபிநாத் முண்டே தலைமையிலான குழு திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தது. ஆகஸ்ட் 3 அன்று திட்டம் ரத்தானது. நவம்பரில் என்ரானின் ரெபேக்கா மார்க் மும்பையில் பால் தாக்கரேயைச் சந்தித்தார். 1996 ஜனவரியில் திட்டம் மீண்டும் ஏற்கப்பட்டது. முன்பு 2015 மெகாவாட்டாக இருந்தது இப்போது 2184 மெகாவாட்டாகப் பெருத்தது. அதே ஆண்டு மே மாதம் மத்தியில் 13 நாள் மட்டுமே நீடித்த வாஜ்பாய் அரசு, நாடாளுமன்றத்தில் தன் பெரும்பான்மையை நிறுவ முடியாத நிலையிலும், இத்திட்டத்துக்கான எதிர் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் வழங்கிவிட்டே வெளியேறியது.

எதிர்த்து நின்றவர்களும் இருந்தார்கள். இந்தியத் தொழிற்சங்க மையம் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. புனேயின் பிரயாஸ் குழுவைச் சேர்ந்த பொறியாளர்கள் ஒப்பந்தத்தைக் கணக்கிட்டு, அது மாநிலத்தை எங்கே கொண்டு நிறுத்தும் என்று முன்கூட்டியே காட்டினார்கள். குஹாகர் வட்டத்தின் கிராமத்தினர் நிலத்துக்காகவும் நீருக்காகவும் மீன்பிடி உரிமைக்காகவும் போராடினார்கள். 1997 ஜூன் 3 அன்று விடியலுக்கு முன் வேல்தூர் மீனவக் கிராமத்தில் காவல்துறை புகுந்து பெண்களையும் அடித்து இழுத்துச் சென்றது. அதை ஆம்னஸ்டி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆகிய பன்னாட்டு அமைப்புகள் ஆவணப்படுத்தின. ஆலைக்கு விதிகள் தளர்ந்த அதே இடத்தில் மீனவர்களுக்குத் தடையுத்தரவுகள் இறுகின.

1999 மே மாதம் முதல் கட்ட உற்பத்தி தொடங்கியது. 2000 ஆம் ஆண்டில் சில மாதங்களில் தாபோல் மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 7 ரூபாயைத் தாண்டியது. பணம் செலுத்த இயலாத மின்வாரியம் 2001 மே மாதம் ஒப்பந்தத்திலிருந்து விலகியது, ஆலை நின்றது. மாநில அரசு அமைத்த மாதவ் கோட்போலே குழு, அடுத்தடுத்து வந்த அரசுகளும் அவற்றின் அமைப்புகளும் கடமை தவறியதை விரிவாகப் பதிவு செய்தது. 2001 டிசம்பர் 2 அன்று என்ரான் அமெரிக்காவில் திவாலானது. ஆலையை மீட்டெடுக்க 2005 இல் தேசிய அனல்மின் கழகமும் கெயில் நிறுவனமும் முன்னிறுத்தப்பட்டன. திறமையற்றது என்று ஒதுக்கப்பட்ட பொதுத்துறைதான் தனியார் விட்டுச்சென்ற இடிபாடுகளைச் சுமந்தது.

சொந்த நாட்டில் என்ரான்

இது இந்தியாவின் ஊழலால் நேர்ந்தது, வளர்ந்த நாடுகளில் இப்படி நடக்காது என்று சிலர் வாதிடுவர். என்ரானின் சொந்த நாட்டு வரலாறு இதற்கு விடையளிக்கும். கலிபோர்னியா மாநிலம் 1996 இல் மின்துறையைச் சந்தைக்குத் திறந்துவிட்டது. 2000–01 இல் அங்கே மொத்த விலை வானளாவியது; சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. செயற்கையாக நெரிசலையும் தட்டுப்பாட்டையும் காட்டிப் பணம் குவிக்கும் உத்திகளை என்ரானின் வணிகர்கள் வகுத்திருந்தது பின்னர் அவர்களின் சொந்த ஆவணங்களாலேயே வெளிப்பட்டது.

அந்த நெருக்கடியின் நடுவே 2001 இல் துணை அதிபர் டிக் செனி தலைமையில் எரிசக்திக் கொள்கைக் குழு கூடியது. என்ரானின் தலைவர் கென்னத் லே ஏப்ரலில் செனியைச் சந்தித்தார். மே மாதம் கொள்கை அறிக்கை வெளியானது. குழு யார் யாரைச் சந்தித்தது என்ற விவரத்தை வெளியிட செனி மறுத்தார். விவகாரம் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. அதே ஆண்டு ஜூனில், வாஷிங்டன் சென்றிருந்த சோனியா காந்தியிடம் தாபோல் நிலுவை குறித்துப் பேசியவரும் இதே செனிதான். ஒரு நிறுவனத்தின் வசூல் கணக்கு ஒரு வல்லரசின் வெளியுறவு அலுவலாக மாறியது. ஏகாதிபத்தியம் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

முந்த்ரா: போட்டி வந்தபின்

என்ரான் வீழ்ந்தபின், தவறு போட்டியின்மையில்தான் என்றார்கள் கொள்கை வகுப்பாளர்கள். 2003 ஜூன் 10 அன்று நடைமுறைக்கு வந்த மின்சாரச் சட்டம் அனல்மின் உற்பத்திக்கு உரிமமே தேவையில்லை என்றது. மாநில மின்வாரியங்களைப் பிரிக்கச் சொன்னது. இனி விலை ஏலத்தில் தீர்மானிக்கப்படும் என்றது.

அந்த ஏலத்தின் காட்சிப்பொருளாக முந்த்ரா நிறுத்தப்பட்டது. 4000 மெகாவாட் திறனுள்ள மாபெரும் அனல்மின் திட்டத்தை யூனிட்டுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 26 காசு என்ற விலைக்கு டாடா நிறுவனம் ஏலத்தில் வென்றது. குஜராத், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா ஆகிய ஐந்து மாநிலங்கள் 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தன. அருகிலேயே அதானி நிறுவனத்தின் ஆலையும் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் பெற்றது. இரண்டும் இறக்குமதி நிலக்கரியை நம்பியவை.

2010 இல் இந்தோனேசியா தன் நிலக்கரி ஏற்றுமதி விலையைப் பன்னாட்டுச் சந்தையுடன் இணைத்தது. விலை ஏறியது. ஏலத்தில் தாமே கேட்ட விலை கட்டுப்படியாகாது என்று நிறுவனங்கள் முறையிட்டன. 2013 ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இரு நிறுவனங்களுக்கும் இழப்பீட்டுக் கட்டணம் வழங்க உத்தரவிட்டது. நீண்ட வழக்குக்குப் பின் 2017 ஏப்ரல் 11 அன்று உச்சநீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அந்நிய நாட்டின் விதி மாறியதால் எரிபொருள் விலை உயர்வது ஒப்பந்தத்தைத் திருத்தக் காரணமாகாது. அது ஏலம் கேட்டவர் தெரிந்தே ஏற்ற வணிக ஆபத்து என்பதே தீர்ப்பின் சாரம்.

விவகாரம் அங்கே முடிந்திருக்க வேண்டும். 2018 இல் குஜராத் அரசு உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. குழு கட்டண நிவாரணம் பரிந்துரைத்தது. ஆண்டு இறுதியில் அரசு அதை ஏற்றது. பின்னர் 2022 மே 5 அன்று மத்திய மின் அமைச்சகம் மின்சாரச் சட்டத்தின் 11 ஆவது பிரிவைப் பயன்படுத்தி, இறக்குமதி நிலக்கரி ஆலைகள் யாவும் முழுத் திறனில் இயங்க வேண்டும், உயர்ந்த எரிபொருள் செலவு கட்டணத்தில் சேர்க்கப்படும் என்று உத்தரவிட்டது. அவசர நிலைக்கான அந்த உத்தரவு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. நீதிமன்றத்தின் முன்வாசலில் மறுக்கப்பட்டது, நிர்வாக உத்தரவின் பின்வாசல் வழியே கிடைத்தது.

தாபோலில் ஆபத்து மக்கள்மீது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. முந்த்ராவில் ஒப்பந்தம் மக்களுக்குச் சாதகமாக இருந்தது. அதனால் ஒப்பந்தம் வளைக்கப்பட்டது. ஏலம் இல்லாவிட்டாலும் இருந்தாலும் முடிவு ஒன்றே.

கட்டுப்பாடு யாருக்கு?

ஒப்பந்த விலையில் நிறுவனங்களுக்குக் காட்டிய இந்தக் கருணை மாநிலங்களுக்குக் கிடைத்ததா? அதே 2022 இல் தாமதக் கட்டண விதிகள் வந்தன. மின்உற்பத்தி நிறுவனங்களுக்கு நிலுவை வைத்ததாகக் கூறி, ஆகஸ்டில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் உள்ளிட்ட 13 மாநிலங்களின் மின்பகிர்மான நிறுவனங்கள் மின்சந்தையில் வாங்கவோ விற்கவோ தடை விதிக்கப்பட்டது. முதலாளிக்கு ஒப்பந்தம் நெகிழ்ந்தது. மாநில அரசுக்கு அது தூக்குக் கயிறாக இறுகியது. நவீன தாராளமயம் விதிகளை ஒழிப்பதில்லை. விதிகள் யாரைக் கட்ட வேண்டும் என்பதை மாற்றுகிறது.

இதன் அடுத்த படிதான் பகிர்மானத் தனியார்மயம். 2022 ஆகஸ்ட் 8 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மின்சாரத் திருத்த மசோதா, பொதுப்பணத்தில் போடப்பட்ட கம்பியையும் மின்மாற்றியையும் பயன்படுத்தியே தனியார் தங்களுக்கு வேண்டிய நுகர்வோரைப் பிடித்துக்கொள்ள வழிசெய்தது. விவசாயிகளுடன் கலந்து பேசிய பின்னரே மசோதா கொண்டுவரப்படும் என்று 2021 டிசம்பரில் டெல்லி எல்லைப் போராட்டத்தின் முடிவில் அளித்த உறுதியை மோடி அரசு மீறியது. மக்களவையின் பதவிக்காலத்துடன் அம்மசோதா காலாவதியானது. 2025 அக்டோபரில் புதிய வரைவு வெளியாகியுள்ளது. ஆலைகளுக்கும் ரயில்வேக்கும் ஐந்து ஆண்டுகளுக்குள் குறுக்கு மானியத்தை ஒழிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பெரிய நுகர்வோர் கூடுதலாகச் செலுத்துவதால்தான் சிறு நுகர்வோருக்கும் விவசாயிக்கும் கட்டணம் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பாலம் உடைந்தால் தாராவியின் ஓர் அறை வீட்டில் ஒளிரும் விளக்குக்கும் முழுச் செலவும் கேட்கப்படும்.

இக்கொள்கைகளை ஆதரிக்கும் கட்சிகளின் நிதி எங்கிருந்து வருகிறது என்பதையும் இணைத்துப் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபின் வெளியான பட்டியலில், ஹால்டியா எனர்ஜி என்ற ஒரு மின்நிறுவனம் மட்டும் 377 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது தெரிந்தது. என்ரான் காலத்தில் “கல்வி” எனப்பட்டது, பிற்காலத்தில் சட்டப்பூர்வமான பத்திரமாக வடிவெடுத்தது. இடதுசாரிக் கட்சிகள் இப்பத்திரங்களைப் பெறவில்லை.

மின்வாரியத்தின் குறைகள்

தோழர்கள் மக்களிடம் செல்லும்போது எதிர்கொள்ளும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. மின்வாரியம் ஒழுங்காகவா நடந்தது? மின்தடைக்கு முறையிட்டால் யார் வந்தார்கள்? கையூட்டு இல்லாமல் இணைப்புக் கிடைத்ததா?

இக்கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. மின்திருட்டு உண்மை, அதில் பெரிய ஆலைகளுக்கும் அரசியல் செல்வாக்குள்ளவர்களுக்கும் பங்குண்டு என்பதும் உண்மை. மானியத்தை அறிவித்த அரசுகள் அத்தொகையை வாரியங்களுக்கு உரிய காலத்தில் தராததும், விலை மிகுந்த தனியார் கொள்முதல் ஒப்பந்தங்களும் நட்டத்தைப் பெருக்கின. இவற்றுடன் நிர்வாகத்தின் அலட்சியமும் சேர்ந்தது. ஆனால் தனியார்மயம் இந்த நோய்க்கு மருந்தாகவில்லை என்பதற்கு ஒடிசா சான்று. உலக வங்கியின் வழிகாட்டலில் நாட்டிலேயே முதலில் மின்வாரியத்தைப் பிரித்துப் பகிர்மானத்தைத் தனியாரிடம் அளித்த மாநிலம் அது. 1999 பெரும்புயலுக்குப் பின் மத்தியப் பகுதியின் பகிர்மானத்தை ஏற்றிருந்த அமெரிக்க நிறுவனம் ஏ.இ.எஸ். வெளியேறியது. எஞ்சிய மூன்று பகுதிகளை வைத்திருந்த ரிலையன்ஸ் குழும நிறுவனங்களின் உரிமங்களை 2015 இல் ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. இப்போது அங்கே மற்றொரு தனியார் குழுமம் வந்திருக்கிறது. பொதுத்துறையைச் சீர்திருத்தக் கோருவது ஒன்று; அதை விற்பது வேறொன்று.

செய்ய வேண்டியவை

போராட்டம் வெல்லும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2020 அக்டோபரில் உத்தரப்பிரதேச மின் ஊழியர்களின் பணிப் புறக்கணிப்பு, பூர்வாஞ்சல் பகிர்மான நிறுவனத்தைத் தனியார்மயமாக்கும் முடிவை நிறுத்தி வைத்தது. 2023 ஜனவரி 4 அன்று மகாராஷ்டிர மின் ஊழியர்கள், மும்பையை ஒட்டிய பகுதிகளில் அதானி நிறுவனம் கோரிய இணை உரிமத்தை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்றே அரசு பேச்சுவார்த்தைக்கு வந்து உறுதியளித்தது. முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களுக்கு எழுந்த எதிர்ப்பால், 2024 ஜூனில் சாதாரண நுகர்வோருக்கு அவை பொருத்தப்படா என்று மகாராஷ்டிர அரசு அறிவிக்க நேர்ந்தது. அவ்வகை மீட்டர்களைத் தனியார் நிறுவனங்களிடம் மொத்தமாக ஒப்படைக்கும் முறையைக் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு ஏற்க மறுத்தது. ஆனால் சண்டிகரில் பகிர்மானம் 2025 பிப்ரவரியில் தனியாரிடம் சென்றுவிட்டது. கிடைத்த உறுதிமொழிகள் நிலையானவை அல்ல. விழிப்புத் தளர்ந்தால் அவை பறிக்கப்படும்.

எனவே கட்சி உறுப்பினர்கள் முன் மூன்று கடமைகள் உள்ளன.

முதலாவது, கணக்கை மக்களிடம் கொண்டு செல்வது. தாபோலை அம்பலப்படுத்தியவர்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவர்கள். ஒழுங்குமுறை ஆணையங்கள் கட்டண உயர்வுக்கு முன் நடத்தும் பொது விசாரணைகளில் இன்று பெரும்பாலும் ஆலை உரிமையாளர்களின் வழக்கறிஞர்களே பேசுகிறார்கள். அங்கே குடியிருப்போர் சங்கங்களும் விவசாயிகளும் ஆட்சேபம் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஊழியரையும் நுகர்வோரையும் இணைப்பது. நுகர்வோரின் குறையைக் கேட்காத ஊழியர் சங்கத்துக்கு வேலைநிறுத்த நாளில் துணை இருக்காது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பாதுகாப்பும் நிரந்தரமும், வீதியில் தடையற்ற மின்சாரமும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் பெருமுதலாளிகளின் தனிச்சொத்தாக விட்டுவிடாமல் இருப்பது. நிலக்கரியிலிருந்து மாறுவது அவசியம். அந்த மாற்றத்திலும் நிலம், கடன், நீண்டகால ஒப்பந்தம் ஆகியவற்றை அரசு அளிக்க, லாபம் மட்டும் சில குழுமங்களுக்குச் செல்லுமானால், தாபோலும் முந்த்ராவும் புதிய பெயர்களில் தொடரும். பொதுத்துறையும் கூட்டுறவும் அத்துறையில் முன்னணியில் நிற்க வேண்டும் என்பது இன்றைய கோரிக்கை.

மின்சாரத் திருத்த வரைவு மீண்டும் நாடாளுமன்றத்துக்கு வருமுன் இந்த வரலாறு ஒவ்வொரு கிளையிலும் விவாதிக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பின் எழும் எதிர்ப்புக்கு 20, 25 ஆண்டு விலை கொடுக்க வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன் எழும் எதிர்ப்பே மக்களைக் காக்கும்.